ஒட்டுவதா, உடைப்பதா?

இது ஒரு சிமெண்டுத் தரையைப் பற்றிய கட்டுரை. தலைப்பைப் பார்த்துவிட்டு, நட்பைப் பற்றியோ உறவைப் பற்றியோ எழுதியிருக்கிறேன் என்று நினைத்தவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். கடைசியில் அந்தப் பக்கமும் போவோம். முதலில் தரையைப் பார்ப்போம். ஐந்து செமஸ்டர் சிவில் பொறியியல் படித்ததில் தரையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். உறவுகளைப் பற்றி உங்களைவிட எனக்கு அதிகமாகத் தெரியாது.

கேள்வி இதுதான். பழுதாகிப் போன ஒன்றைச் சரிசெய்து வைத்துக்கொள்வது நல்லதா, அல்லது அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வது நல்லதா? பல பேர் இதை வெறும் பணக் கணக்கு என்று நினைக்கிறார்கள். எது மலிவோ அதைச் செய், அவ்வளவுதானே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதில் உண்மை பேசுவது இருக்கிறது, மற்றவர்களுடைய உடம்புக்கும் உழைப்புக்கும் நாம் தரும் மதிப்பு இருக்கிறது. அதனால் இது அறம் சம்பந்தப்பட்ட கேள்வி என்றே நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீடு கிள்ளானில் ஒரு தாமானில் இருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் கட்டிய வரிசை வீடு. முன்னால் கார் நிறுத்தும் போர்ச், சுமார் 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். அந்தத் தரை பல இடங்களில் வெடித்துவிட்டது. வீட்டு வாசற்படியை ஒட்டி இரண்டு விரல் அளவுக்கு இறங்கிவிட்டது. லோங்காங் பக்கத்து மூலையில் ஒரு பெரிய வெடிப்பு குறுக்காக ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. அந்த மேட்டில்தான் பாட்டியின் கைத்தடி இரண்டு தடவை தட்டியது. இரண்டாம் தடவை அம்மா பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார்.

வருடக் கடைசியில் அக்காவுக்குக் கல்யாணம். வீட்டில் ஆளுக்கு ஒரு கருத்து. அப்பா முழுவதையும் உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். பார்க்க வந்த குத்தகையாளரும், "எல்லாத்தையும் ஹேக் பண்ணிரலாம் சார், 9,000 வெள்ளி, மேல டைல்ஸும் சேத்து" என்றார். மாமாவோ உடைக்கவே வேண்டாம், பழைய தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டால் பாதிக் காசுக்கு முடிந்துவிடும் என்றார். அம்மாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. வெடிப்பில் சிமெண்டைப் பூசிவிட்டு மீதிப் பணத்தை நகைக்கு வைக்கச் சொன்னார். அக்கா மட்டும், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன தரையைப் பாத்தா பொண்ணு எடுக்குறாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீதானே இன்ஜினியருக்குப் படிக்கிற. நீயே சொல்லு."

நான் உடனே சொல்லவில்லை. ஒரு செமஸ்டர் விடுமுறை முழுக்க அவகாசம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று புரிய, கான்கிரீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதன் இழுவிசைத் தாங்குதிறன், அமுக்கத்தைத் தாங்கும் திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் உள்ளே கம்பி வலை போடுகிறோம், நம் ஊரில் பிஆர்சி என்று சொல்வோமே அது. கான்கிரீட் காயும்போது சுருங்கும். 6 மீட்டர் நீளத் தரை என்றால் சில மில்லிமீட்டர் சுருங்கத்தான் செய்யும். கீழே இருக்கும் மண் அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்போது, எங்கேயாவது ஓர் இடத்தில் வெடித்தாக வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் தரை போட்ட கையோடு, இரண்டரை மூன்று மீட்டருக்கு ஒரு தடவை, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஒரு கோடு அறுத்துவிடுவார்கள். வெடிக்கப் போவது நிச்சயம் என்பதால், அந்தக் கோட்டிலேயே வெடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் போர்ச்சில் அப்படி ஒரு கோடும் கிடையாது.

ஆக, வெடிப்பு என்றாலே தரை கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை. தலைமுடி கனத்தில் வலை மாதிரி மேலே ஓடும் வெடிப்பு பெரும்பாலும் காயும்போது வந்தது. அது பிறவி மச்சம் மாதிரி. பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் ஒன்றும் செய்யாது. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும் வெடிப்பு அப்படி அல்ல. கீழே மண் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. துருக்கறையோடு கான்கிரீட் பெயர்ந்து வந்தால் அது மூன்றாவது வகை. கம்பி துருப்பிடித்தால் இரும்பு இருந்த அளவைவிடப் பல மடங்கு இடத்தைத் துரு அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். மூன்றும் மேலே இருந்து பார்த்தால் கோடுகள்தான். ஒன்றை விட்டுவிடலாம், மற்ற இரண்டை விட முடியாது.

கிள்ளான் வட்டாரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. இங்கே நிறைய இடங்களில் அடியில் இருப்பது கடலோரத்து மெத்தைக் களிமண். அதனால் வீட்டைப் பைலிங் அடித்து அதன் மேல் நிறுத்துகிறார்கள். ஆனால் போர்ச்சுக்கும் வீட்டைச் சுற்றிய நடைபாதைக்கும் யாரும் பைலிங் அடிப்பதில்லை. மண்ணைக் கொட்டி அதன் மேல் போட்டுவிடுவார்கள். வீடு பைலிங் மேல் நிற்கிறது, போர்ச் மண் மேல் கிடக்கிறது. மண் வருடக்கணக்கில் மெல்ல இறங்க, போர்ச்சும் கூடவே இறங்கும்; வீடு அப்படியே நிற்கும். எங்கள் வாசலில் இரண்டு விரல் இடைவெளி வந்தது அப்படித்தான். அங்கே யாரும் தப்புச் செய்யவில்லை. தாமானில் பாதி வீட்டில் அதே இடைவெளி இருக்கிறது. பக்கத்து வீட்டு மக்சிக் அதை ஒரு பூந்தொட்டி வரிசையால் மறைத்து வைத்திருக்கிறார்.

அந்த விடுமுறையில் நான் செய்தது பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. வெடிப்புகளின் குறுக்கே ஆறு இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, அகலத்தை அளந்து குறித்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி அளந்தேன். சின்னச் சுத்தியலால் தரை முழுக்கத் தட்டிப் பார்த்தேன். அடியில் மண் இருக்கும் இடத்தில் "டக்" என்று கேட்கும். காலியாக இருக்கும் இடத்தில் பானையைத் தட்டுகிற மாதிரி கேட்கும். அடை மழை பெய்யும்போது குடையோடு நின்று தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன்.

பதினொரு வாரத்தில் வலை மாதிரி இருந்த வெடிப்புகள் அசையவே இல்லை. வாசல் இடைவெளியும் அளக்கிற அளவுக்கு மாறவில்லை. ஆனால் லோங்காங் மூலையில் இருந்த குறுக்கு வெடிப்பு 2 மில்லிமீட்டரிலிருந்து மூன்றரைக்கு வந்துவிட்டது. பானைச் சத்தமும் அந்த மூலையில்தான் கேட்டது. ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு லோங்காங்கின் அடியில், ஓர் இணைப்புக்குக் கீழே, ஒரு கைப்பிடி மணல் விசிறி மாதிரி பரவிக் கிடந்தது. அந்த மணல் எங்கள் தரைக்கு அடியிலிருந்து வந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஆறு வருடத்துக்கு முன் போர்ச் கூரையை நீட்டினோம். அந்தக் கூரைத் தண்ணீர் முழுக்க ஒரே குழாயில் இறங்குகிறது. குழாய் லோங்காங் வரைக்கும் போகவில்லை. ஒரு முழம் முன்னாலேயே நின்று, தரை ஓரத்தில் கொட்டுகிறது. கொட்டிய தண்ணீர் தரைக்கும் லோங்காங் சுவருக்கும் நடுவில் இறங்கி, மணலைக் கரைத்துக்கொண்டு, இணைப்பு வழியே வெளியே போகிறது. அவ்வளவுதான் நோய். அதற்கு மருந்து ஒரு வளைவுக் குழாய், ஒரு முழம் நீளக் குழாய், கொஞ்சம் பசை.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. வீட்டில் வந்த மூன்று யோசனைகளையும் மறுபடி பாருங்கள். அம்மா சொன்ன மாதிரி பூசியிருந்தால், மண் தொடர்ந்து போயிருக்கும். பூச்சு அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ வெடித்திருக்கும். மாமா சொன்ன மாதிரி டைல்ஸ் ஒட்டியிருந்தால், கீழே இருக்கும் வெடிப்பு கொஞ்ச நாளில் மேலே டைல்ஸிலும் வந்திருக்கும். அதற்குள் கீழே எவ்வளவு குழி விழுந்திருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பா சொன்ன மாதிரி எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகப் போட்டிருந்தால்? புதுத் தரையின் ஓரத்திலும் அதே குழாய் அதே தண்ணீரைக் கொட்டியிருக்கும். 9,000 வெள்ளித் தரை இன்னும் சில வருடத்தில் அதே மூலையில் உட்கார்ந்திருக்கும்.

சரிசெய்வது பழமைவாதம், மாற்றுவது துணிச்சல் என்று சிலர் சொல்வார்கள். சரிசெய்வது பொறுமை, மாற்றுவது ஊதாரித்தனம் என்று வேறு சிலர் சொல்வார்கள். என் கணிப்பில் இரண்டுமே சரியில்லை. "ஏன் வெடித்தது?" என்று கேட்காமல் எடுக்கிற முடிவு எதுவாக இருந்தாலும் அது பார்க்க மறுப்பதுதான். பூசுகிறவர் வெடிப்பைப் பார்க்க மறுக்கிறார். உடைக்கிறவர் காரணத்தைப் பார்க்க மறுக்கிறார். புதிதாகச் செய்வதில் ஒரு மயக்கம் இருக்கிறது. எல்லாம் பழையதோடு போய்விட்டது, இனிமேல் ஒன்றும் வராது என்று நம்ப வைக்கும்.

1993 டிசம்பர் 11-ல் உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு புளோக் சரிந்து 48 பேர் இறந்தார்கள். எங்கள் துறையில் அதைப் பற்றிப் பேசாத வகுப்பே கிடையாது. கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவும், தடுப்புச் சுவர்களும், வடிகால் சரியில்லாமல் சரிவுக்குள் இறங்கிய தண்ணீரும்தான் அங்கே பெரிய பங்கு வகித்தன. எங்கள் போர்ச்சை அதோடு ஒப்பிடவில்லை. அது சரியாகவும் இருக்காது. ஆனால் பாடம் ஒன்றுதான். சுவரைப் பார்க்கிற கண், சுவருக்குப் பின்னால் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமே? கூரையை நீட்டியது அப்பாவின் ஆசை. போர்ட் கிள்ளானில் ஷிஃப்ட் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், நாங்கள் மழையில் நனையாமல் காரிலிருந்து இறங்க வேண்டும் என்று அவர் செய்த முதல் பெரிய வேலை அது. சொந்தக்காரர் யார் வந்தாலும் காட்டுவார். "அப்பா, தரை போனதுக்குக் காரணம் அந்தக் கூரைத் தண்ணிதான்" என்று நான் சொன்னால், அவருக்கு எப்படி இருக்கும்?

சொல்லாமல் இருக்க ஒரு வழியும் இருந்தது. குழாயை நானே சத்தமில்லாமல் நீட்டிவிட்டு, தரைக்கு வேறு ஏதாவது காரணம் சொல்லிவிடலாம். மண் சரியில்லை, தாமான் கட்டியவன் சரியில்லை என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. அப்பாவின் மனம் நோகாது. அதுவும் ஒரு பூச்சுதான். அவருடைய பணத்தில் அவர் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில், அவருக்குத் தெரிய வேண்டியதை நான் மறைத்தால், அவரைச் சின்னப் பிள்ளையாக நடத்துகிறேன் என்றுதான் அர்த்தம். அதனால் மழை பெய்யும் ஒரு சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் குழாயையும் லோங்காங் மணலையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நான் போட்ட கூரைதானா?" என்றார். "கூரை நல்லா இருக்குப்பா. குழாய்தான் ஒரு முழம் கட்டை" என்றேன். அவர் பேசாமல் உள்ளே போனார். மறுநாள் ஹார்ட்வேர் கடைக்குப் போய்க் குழாய் வாங்கி வந்தது அவர்தான்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. குழாயை மாட்டிக்கொண்டே சொன்னார்: "காரணம் சரிடா. ஆனா நான் பொறந்தது எஸ்டேட் லயத்துல. தகரத்துக்கு ஒட்டு, சட்டைக்கு ஒட்டு, சைக்கிள் டியூபுக்கு ஒட்டு. எல்லாமே ஒட்டுதான். ஒரு தடவையாச்சும் ஒன்னை முழுசா புதுசா போட்டுப் பாக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

இதற்கு என்னிடம் பாடப்புத்தகப் பதில் இல்லை. இப்போது சுற்றுச்சூழல் என்றும் சிக்கனம் என்றும் "தூக்கிப் போடாதே, சரிசெய்து பயன்படுத்து" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பலர் வாழ்க்கையில் ஒட்டுப் போட்டதே இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு தலைமுறை முழுக்க ஒட்டுப்போட்டே வாழ்ந்தவர்களிடம் போய், ஒட்டுவதுதான் அறம் என்று உபதேசம் செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. புதியதை விரும்புவது எப்போதும் ஆடம்பரம் இல்லை. சில பேருக்கு அது "நானும் ஒரு மனுஷன்" என்று சொல்லும் வழி.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. எங்கள் போர்ச் 100 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் 3 கன மீட்டர் கான்கிரீட். எடை ஏறத்தாழ 7 டன். முழுவதையும் உடைத்தால் அந்த 7 டன்னும் லோரியில் ஏறி எங்கேயோ போய்க் கொட்டப்படும். அதே அளவு புதிதாக வர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 1 டன் சிமெண்டு, அதாவது 50 கிலோ மூட்டையில் இருபது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் வருகிறது என்று மதிப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டு இருபது மூட்டையால் உலகம் மூழ்கிவிடாது. அதை வைத்து அப்பாவைக் குற்றவாளி ஆக்குவதும் அபத்தம். ஆனால் இன்னொன்று எனக்கு உறைத்தது. அந்த 7 டன்னையும் வெயிலில் உடைத்துச் சுமக்கப் போவது நாங்கள் இல்லை. தூர தேசத்திலிருந்து வந்த இரண்டு மூன்று தொழிலாளர்கள். நல்ல தரையை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக, ஒருவன் முதுகை ஒடித்து உடைக்கச் சொல்வது சரியா? கூலி கொடுக்கிறோமே என்று சொல்லலாம். கூலி கொடுத்துவிட்டால் வீண் வேலை வீண் இல்லாமல் போய்விடுமா?

நம் சமயத்திலும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. கீதையில் உடலை விட்டுப் போகும் ஆன்மாவுக்கு உவமையாக, நைந்த ஆடையைக் களைந்து புது ஆடை உடுத்துவதைச் சொல்வார்கள். அங்கே நைந்தது என்பதற்கு வரும் சொல் ஜீர்ணம். கோயில் திருப்பணிக்கு ஆகமம் வைத்திருக்கும் பெயர் ஜீர்ணோத்தாரணம். அதிலும் அதே ஜீர்ணம்தான். நைந்ததைத் தூக்கி நிறுத்துவது என்று பொருள். ஒரே சொல், ஓர் இடத்தில் களைவதற்கு, ஓர் இடத்தில் தூக்கி நிறுத்துவதற்கு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் செய்கிறோமே, அதன் பின்னால் இருப்பதும் பழுது வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் மனம்தான். தரையில் கோடு அறுத்து வைப்பது மாதிரி.

பக்கத்துப் பக்கத்து நாட்டில் இரண்டு மாரியம்மன் கோயில்களைப் பாருங்கள். சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-ல் மரமும் அத்தாப்புமாகத் தொடங்கியது. பிறகு கட்டியவற்றில் பழைய பகுதிகளைக் காத்து, திருப்பணி செய்து, 2023-லும் கும்பாபிஷேகம் கண்டது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1873-ல் தொடங்கியது. அத்தாப்புக் கொட்டகை போய்ச் செங்கல் கட்டடம் வந்து, அதையும் இடித்துத்தான் 1968-ல் இன்றைய கட்டடம் எழுந்தது. ஒன்று பழையதைக் காத்தது, ஒன்று பழையதை இடித்தது. எந்தக் கோயிலிலாவது அம்மன் இல்லை என்று யாராவது சொல்வார்களா? வைத்துக்கொள்வதும் மாற்றுவதும் தன்னளவில் புண்ணியமோ பாவமோ இல்லை. எப்படி முடிவெடுத்தோம் என்பதில்தான் அது இருக்கிறது.

எப்படி முடிவெடுப்பது? எனக்கு மூன்று கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது.

முதலாவது: கெடுத்த காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? இருந்தால் முதல் வேலை அதுதான். ஒட்டுவதும் உடைப்பதும் பிறகு. குழாயை நீட்டிய பிறகு இரண்டு மாதம் மறுபடி அளந்தோம். வெடிப்பு அங்கேயே நின்றுவிட்டது. லோங்காங்கில் மணலும் வரவில்லை. அப்போதுதான் காரணம் அதுதான் என்று உறுதியானது.

இரண்டாவது: எவ்வளவு மிச்சம் இருக்கிறது? எல்லாம் போய்விட்டது என்றும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்வது சுலபம். தட்டித் தட்டிப் பார்த்து, இந்த மூலை போய்விட்டது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

மூன்றாவது: முடிவின் விலையை யார் கொடுக்கிறார்கள்? வைத்துக்கொண்டால் யார் தடுக்கி விழுவார்கள், மாற்றினால் யார் சுமப்பார்கள்? எங்கள் வீட்டில் தரையைப் பற்றி எல்லாரும் பேசினோம். அதில் தினமும் பயந்து பயந்து நடந்தது பாட்டி. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டபோது, "எனக்கு அழகெல்லாம் வேணாம்யா, கால் தட்டாம இருந்தா போதும்" என்றார். உறுதியாகத் தெரியட்டும் என்று அந்தப் பதினொரு வாரமும் நான் அளந்துகொண்டிருக்கலாம். அதுவரைக்கும் அவர் நடந்தாக வேண்டுமே? அதனால் விடுமுறையின் முதல் வாரத்திலேயே அந்த மேட்டுக்குச் சிமெண்டுக் கலவையால் ஒரு சின்னச் சரிவு போட்டோம். அது தாங்காது என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் சொல்லியும் வைத்தேன். பூச்சுக்கும் ஒரு நேர்மை உண்டு. "இது தற்காலிகம்" என்று சொல்லிப் பூசினால் அது முதலுதவி. "சரியாகிவிட்டது" என்று சொல்லிப் பூசினால் அது பொய். கலவை ஒன்றுதான்.

முடிவு அப்பாவுடையது. அறிவுரை சொல்வது என் வேலை. அவருடைய உழைப்புக்கு நான் கணக்கு எழுதக் கூடாது. மூலைப் பகுதியை மட்டும் நேராக அறுத்து எடுத்துவிட்டு, அடியில் கிரஷர் ரன் கொட்டி நன்றாகக் கெட்டிப்படுத்தி, கம்பி வலை வைத்து, புதுக் கான்கிரீட் போடுவது என்று முடிவு செய்தார். வலை வெடிப்புகளை அப்படியே விட்டுவிட்டோம். வாசல் இடைவெளியில், அசைந்தால் கூடவே அசையும் ரப்பர் மாதிரியான சீலண்ட் வைத்து, மேலே ஒரு சின்னச் சரிவும் போட்டாயிற்று. புதுத் தரைக்கு ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளித்தது அப்பா. ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார். மிச்சமான பணத்தில் என்ன செய்தார் தெரியுமா? வீட்டு முன் கேட்டைப் புதிதாக மாற்றினார். பழைய கேட் நன்றாகத்தான் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் ஆசைப்பட்ட "முழுசா புதுசு" அதுதான்.

புதுக் கான்கிரீட் வெளிர் சாம்பல். பழையது கறுத்த சாம்பல். கல்யாணத்துக்கு வந்த எல்லாரும் அந்த வித்தியாசத்தைப் பார்த்தார்கள். மாமா, "ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு மச்சான்" என்றார். அப்பா, "ஒட்டுத்தான் போட்டிருக்கு" என்றார்.

இனி முதலில் சொன்ன இன்னொரு பக்கம். நம் வயதில் தினமும் இந்தக் கேள்வி வருகிறது. பேசாமல் போன நண்பன், பிடிக்காமல் போன படிப்பு, ஆள் குறைந்துபோன மன்றக் கிளை. "விட்டுத் தள்ளு மச்சி, புதுசா பாத்துக்கலாம்" என்று ஒரு குரல். "சும்மா இரு, தானா சரியாகும்" என்று இன்னொரு குரல். ஒரு கிளையில் ஆள் வரவில்லை என்றால் செயலவையை மாற்றுகிறோம். அடுத்த வருடமும் ஆள் வரவில்லை. கூட்டம் நடக்கும் நேரத்தில் பாதிப் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டோம். தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பார்க்காமல் தரையை மாற்றுகிற கதைதான்.

ஆனால் இந்த உவமையை அளவுக்கு மேல் இழுக்கவும் கூடாது. மனிதன் கான்கிரீட் இல்லை. தட்டிப் பார்த்து உள்ளே காலி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. தரை தானாகத் திருந்தாது, மனிதன் திருந்துவான். அதே சமயம், அடி வாங்கிக்கொண்டு ஓர் உறவில் இருக்கிற பெண்ணிடம் போய், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய் என்று சொல்வது கொடுமை. அங்கே முதல் கேள்வி மூன்றாவது கேள்விதான்: யார் விழுகிறார்கள்? விழுகிறவரை முதலில் அங்கிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

அதனால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது சின்ன விஷயம். அடுத்த தடவை ஏதாவது ஒன்று வெடித்துப் போய் உங்கள் முன்னால் கிடந்தால், ஒட்டுகிற கட்சியிலும் சேர வேண்டாம், உடைக்கிற கட்சியிலும் சேர வேண்டாம். ஒரு பென்சிலை எடுத்து, கோடு போட்டு, தேதியை எழுதுங்கள். கொஞ்ச நாள் பாருங்கள். அந்தக் கொஞ்ச நாளில் அங்கே நடக்க வேண்டியவர் யாரோ, அவர் காலுக்கு மட்டும் இன்றைக்கே ஏதாவது செய்துவிடுங்கள்.